நாற்பத்தொன்றாம் கார்டு

கூரியர் மதியத்துக்குள் வந்துவிடும் என்று செல்போனில் செய்தி வந்திருந்தது. வராமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தணிகாசலம் பாயில் ஒருபக்கம் புரண்டான், வராமலே போய்விட்டால் அனுப்பியவர் என்ன நினைப்பார் என்று மறுபக்கம் புரண்டான். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் சூடு நெற்றிக்கு நேராக இறங்கிக்கொண்டிருந்தது. ராத்திரி முழுக்க ரொட்டிக் கம்பெனியில் ஓவன் வாயில் நின்றவனுக்கு இதெல்லாம் ஒரு சூடா என்று கேட்டால், அந்தச் சூடு வேறு, அதில் ஒரு வேலை இருக்கிறது, மாவு பொன்னிறமாவதைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம், இந்தச் சூட்டில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, தானே வெந்துகொண்டிருக்க வேண்டியதுதான். குளித்துவிட்டுத்தான் படுத்தான், ஆனாலும் உள்ளங்கையை முகத்துக்குக் கொண்டுபோனால் ஈஸ்ட் வாசனை. இருபது வருஷமாகப் போகவில்லை, இனிமேலா போகப்போகிறது. கீழே ஹவுஸ் ஓனர் மருமகள் எழிலரசி குக்கரைத் திறந்துவிட்டுக் குழந்தையை அதட்டுகிறாள். பாடிப் பாலத்துப் பக்கமிருந்து லாரி ஹாரன். உலகம் முழுவதும் விழித்திருக்கும் நேரத்தில் தூங்க முயல்கிறவனுக்கு எல்லாச் சத்தமும் தன்னை வேண்டுமென்றே சீண்டுவதுபோல்தான் இருக்கும். தூக்கம் வராததற்குச் சத்தம் காரணமில்லை என்பதும் அவனுக்குத் தெரியும். நாகர்கோவிலிலிருந்து புறப்பட்டு எங்கோ ஒரு மூட்டையில் குலுங்கி வந்துகொண்டிருக்கும் அந்தக் கவர்தான் காரணம். அதற்குள் இருக்கும் நாற்பத்தொன்றாம் கார்டு. அது அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது. இருக்கிறது என்பது அவனைத் தவிர யாருக்கும் தெரியாது.

தலைமாட்டில் பிஸ்கட் டின் இருந்தது. திறக்க வேண்டியதில்லை, உள்ளே எது எங்கே என்று விரலுக்குத் தெரியும். ராக்கெட் பபிள்கம்மோடு கொடுத்த கிரிக்கெட் கார்டுகள், மொத்தம் அறுபது. கம்பெனி மூடி, கம்மை மென்றவர்களுக்கெல்லாம் பல்லும் விழ ஆரம்பித்துவிட்டது, கார்டு மட்டும் நிற்கிறது. முன்பக்கம் படம், பின்பக்கம் எண், நாலு வரி இங்கிலீஷ். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்ற பிறகு அவனுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தது அந்த நாலு வரிகள்தான். வலதுகை மட்டையாளர், எப்போதாவது சுழற்பந்து வீசுவார், பொழுதுபோக்கு மீன்பிடித்தல், திருமணமானவர், ஒரு மகள். ஒரு ஆளைப் பற்றிச் சொல்ல இவ்வளவு போதும் என்று அப்போதே தோன்றியது. இப்போது தன்னைப் பற்றி ஒரு கார்டு அச்சடித்தால் பின்பக்கம் என்ன போடுவார்கள். இரவு வேலைக்காரர், திருமணமாகாதவர், பொழுதுபோக்கு கார்டு சேர்த்தல். நாலாவது வரி காலி, அதில் போட ஆள் இல்லை. போன மாசம் மாடிக்குத் துணி உலர்த்த வந்த எழிலரசி, கார்டுகளைப் பாயில் பரப்பி அவன் உட்கார்ந்திருப்பதைக் கதவிடுக்கில் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, சீட்டு ஆடுறியா, ஒண்டியாவா?" என்றாள். சீட்டில்லை, கிரிக்கெட் கார்டு, பழசு என்றான். "இத வச்சி இன்னா பண்ணுவ?" சேர்க்கிறேன் என்றான். "சேர்த்துட்டு?" அவள் கிண்டலுக்குக் கேட்கவில்லை, துணி கிளிப்பை வாயில் கடித்துக்கொண்டு உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் நின்றாள். சேர்த்துட்டு. அந்தச் சொல் இரண்டு நாள் மாவு பிசையும் மிஷினோடு சேர்ந்து சுற்றியது. சேர்த்துட்டு, சேர்த்துட்டு, சேர்த்துட்டு.

சின்ன வயசில் அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது. சூறை. எந்தப் பையனுக்கு அறுபதும் சேர்கிறதோ அவன் அடிபம்பு மேடையில் ஏறி நிற்பான், தன்னிடம் இரண்டு மூன்றாகக் கிடக்கும் டபுள் கார்டுகளையெல்லாம் "சூறை" என்று கத்தி வானத்தில் வீசுவான், தெருவே விழுந்து பொறுக்கும். கார்டு முக்கியமில்லை, அந்த ஒரு நிமிஷம் தெருவே உன்னை அண்ணாந்து பார்க்கும். தணிகாசலம் எப்போதும் பொறுக்குகிற கூட்டத்தில்தான் இருந்தான். ஒருநாள் பாபுஜி என்ற பையன் மேடையிலிருந்து வீசும்போது மேலிருந்து இறங்கும் கார்டுகள் வெயிலில் திரும்பித் திரும்பி மின்னியதும், அண்ணாந்து நின்ற தன் வாய் திறந்திருந்ததும், வாயில் கம் இருந்ததும் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் அப்பா போனார், வேலை வந்தது, கார்டுகள் டின்னுக்குள் போயின. அம்மாவும் போன பிறகு வீட்டை ஒழிக்கும்போதுதான் டின் மறுபடி கைக்கு வந்தது, பாதிக்கும் மேல் அப்படியே இருந்தன. செல்போனில் தேடியபோது தன்னைப்போலவே சில கிறுக்கர்கள் ஒரு வாட்ஸப் குழு வைத்திருப்பது தெரிந்தது. அங்கேயும் சூறை உண்டு. முடித்தவன் அறுபதையும் பரப்பிப் போட்டோ போடுவான், டபுள்களைக் கேட்பவர்களுக்கெல்லாம் கூரியரில் சும்மா அனுப்பிவிடுவான். கைதட்டும் படங்கள் வந்து குவியும். ஒரு வாரத்தில் அவன் குழுவிலிருந்து போய்விடுவான். கோபம் ஒன்றுமில்லை, பேச ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். திருச்சிக்காரர் ஒருத்தர், தினமும் காலை வணக்கம் போட்டுக்கொண்டிருந்தவர், முடித்த நாலாம் நாள் போய்விட்டார். அவர் வெளியேறினார் என்ற சாம்பல் நிற வரியை மட்டும் செல்போன் காட்டியது. ஆஸ்பத்திரியில் கட்டிலைத் துடைத்துவிட்டுப் போவார்களே, அந்த மாதிரி ஒரு சுத்தம்.

போகாமல் இருந்தவர் ஒருத்தர்தான். ஞானசிகாமணி சார். நாகர்கோவில், ரயில்வே தபாலில் கடிதம் பிரிக்கும் வேலை பார்த்து ரிட்டயரானவர், வீட்டம்மா இல்லை, மகன் டேவிட் கனடாவில். அவர் முடித்துப் பல காலமாயிற்று. மகன் பாதியில் போட்டுவிட்டுப் போனதை இவர் எடுத்து முடித்தாராம். "முடிச்ச அன்னைக்கு அவனுக்குப் போன் போட்டேன், கேட்டீரா. டேய், ஒன் அறுபதும் சேந்துட்டுன்னு சொன்னேன். அப்படியா டாடின்னான். அதோட செரி." இதைச் சொல்லிவிட்டு அவர் சிரிப்பார். பிறகு ஏன் சார் குரூப்பில் இருக்கீங்க என்று கேட்டதற்கு, "நான் போனா உமக்கு யாருவே தேடித் தருவா?" என்றார். அப்போதிருந்துதான் போன் வர ஆரம்பித்தது. ரொட்டியைச் சுட்டவுடன் அறுக்க முடியாது, சூட்டில் கத்தி வைத்தால் நசுங்கி மாவாகிவிடும், ரேக்கில் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் அவர் கூப்பிடுவார், அவருக்கும் தூக்கமில்லை. முதலில் கார்டு. யாரிடம் எது இருக்கிறது, மதுரையில் ஒருத்தன் மாற்றிக்கொள்வானா. பிறகு மெல்ல விலகி, அவர் வீட்டுப் பின்னால் பலாவில் பிஞ்சு விட்டது, இங்கே புது மேஸ்திரி ஒரு முசுடு, அங்கே மழை, இங்கே இல்லை. கடைசியில், "செரி, அந்த நாப்பத்தொண்ண மறந்துராதீரு, தேடும்" என்று வைத்துவிடுவார். ஒரு நாள் முழுவதிலும் தணிகாசலத்திடம் யாராவது ஒரு கேள்வி கேட்டு, பதிலுக்காக நிறுத்துவது அப்போது மட்டும்தான். மேஸ்திரியும் பேசுவான், அது கேள்வி இல்லை.

வெயில் சன்னலைத் தாண்டிப் பாயின் ஓரத்தைத் தொட்டுவிட்டது. கீழே ஒரு பைக் நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டான். தண்ணி கேன்காரன். மூச்சை விட்டான். நாற்பத்தொன்று, அப்படியொன்றும் பெரிய கார்டு இல்லை. எந்த மேட்சிலும் ஆடாத மாற்று விக்கெட் கீப்பர், யாருக்காவது விரல் உடைந்தால் இறக்கலாம் என்று கூட்டிக்கொண்டு வந்த ஆள். யாருக்கும் விரல் உடையவில்லை. அவரை எந்தப் பையனும் வைத்துக்கொள்ளவில்லை, சைக்கிள் சக்கரத்துக் கம்பிகளுக்கு நடுவே செருகி டபடப என்று ஓட்டினார்கள். பதினாலாம் எண் கேப்டனை, மட்டையைத் தூக்கிக் காட்டுகிறவரை, எல்லோரும் பத்திரப்படுத்தினார்கள். அதனால் இன்றைக்குக் கேப்டன் தெருவுக்குத் தெரு கிடைக்கிறார், தணிகாசலத்திடமே அஞ்சாறு பேர் இருக்கிறார்கள். வேண்டாம் என்று எல்லோரும் கிழித்த ஆளுக்குத்தான் ஊர்ஊராக அலைச்சல். போன தீபாவளிக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, பல்லாவரம் சந்தையில், பழைய சைக்கிள் சாமான் குவியலில், துருப்பிடித்த ஒரு சக்கரத்தைப் புரட்டியபோது கம்பிகளுக்கிடையில் ஒரு அட்டை. அந்தச் சக்கரத்தோடே வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தான், கண்டக்டர் லக்கேஜ் என்று திட்டினான். வீட்டுக்கு வந்து கம்பியிலிருந்து மெல்ல உருவி, ஈரத்துணியால் ஒற்றி, பின்பக்கம் படித்தான். நாட்டுக்காக ஆட இன்னும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. பொழுதுபோக்கு தோட்ட வேலை.

அன்றைக்கு மின்விசிறியை நிறுத்தினான், பறந்துவிடக்கூடாதே. கதவைச் சாத்தினான். அறுபதையும் பத்துப் பத்தாகத் தரையில் பரப்பி, நாற்பத்தொன்றைக் கடைசியாக அதன் இடத்தில் வைத்தான். வேர்வை மூக்கு நுனியில் சேர்ந்து ஒரு சொட்டு கார்டில் விழப் பார்த்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டான். பார்த்தான். எல்லோரும் இருந்தார்கள். ஒரு ஓட்டையும் இல்லை. அதுவரை தரையில் பரப்பும்போதெல்லாம் கண் நேராக அந்த ஓட்டைக்குத்தான் போகும், அங்கே போய் நிற்கும், அதில் ஒரு சுகமான அரிப்பு இருந்தது. இப்போது கண்ணுக்குப் போய் நிற்க இடமில்லை. ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போயிற்று, திரும்பி வந்தது, அவ்வளவுதான். சூறை என்று சொல்லிப் பார்த்தான். அடைத்த அறையில் அந்தக் குரல் யாரோ தண்ணீர் கேட்பதுபோல் இருந்தது. அன்று ராத்திரி ரேக்கில் ரொட்டி ஆறிக்கொண்டிருக்க, போன் வந்தது. "என்னவே, நாப்பத்தொண்ணு ஏதாம் தெரிஞ்சுதா?" சொல்லத்தான் வாயைத் திறந்தான். சாமி சத்தியமாகச் சொல்லத்தான். திருச்சிக்காரரின் சாம்பல் வரி கண்முன் வந்ததா, வரவில்லையா, இப்போது யோசித்தால் தெரியவில்லை. "இல்ல சார்" என்றது வாய். "கெடைக்கும்வே, எங்க போயிரும்" என்றார் அவர். அந்தக் குரலில் ஒரு தெம்பு இருந்தது. ரொட்டியை அறுக்கப் போனவன் அன்று கொஞ்சம் சீக்கிரம் போய்விட்டான், முதல் நாலு ரொட்டி கத்தியில் நசுங்கியது.

பொய் என்று பார்த்தால் ஒரே ஒரு பொய், ஆனால் அதைத் தினமும் புதுசாகச் சுட வேண்டியிருந்தது. அவர் எங்கெல்லாமோ விசாரித்தார். மதுரைக்காரனோடு சண்டை போட்டார். தேவாலயத்துப் பழைய சாமான் ஏலத்தில் இவனுக்காகப் போய் உட்கார்ந்திருந்தார். சரி சொல்லிவிடலாம் என்று தோன்றும் நாளில் அவர் வேறெதையாவது சொல்வார், கால் வீங்கியிருக்கிறது என்பார், அன்றைக்கு எப்படிச் சொல்வது. கொஞ்ச நாளாக இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. அப்படியா டாடி கதையை ஒரே வாரத்தில் மூன்று தடவை சொன்னார், மூன்றையும் முதல் தடவை மாதிரி. ஒருநாள் பேச்சு நடுவில் இவனை டேவிட் என்றார், திருத்திக்கொள்ளவில்லை, இவனும் திருத்தவில்லை, அந்த ஒரு நிமிஷம் டேவிட்டாகவே இருந்துவிட்டான். போன வாரம்தான் அந்தப் பேச்சு வந்தது. "கேட்டீரா, எங்கயும் கெடைக்காது போலிருக்கு. என் செட்டுல உள்ளத உருவி அனுப்புதேன்." வேண்டாம் சார், உங்க செட்டு உடைஞ்சிடும் என்று பதறினான். "உடைஞ்சா என்னவே. முழுசா இருந்து யாரு பாக்கா? நீரு முடிச்சிரும். முடிச்சிட்டு எல்லாருக்கும் சூறை விடும்." சார், வேணாம் சார், நான் சொல்றதைக் கேளுங்க. ஏன் வேண்டாம் என்பதற்கு அவனிடம் ஒரே ஒரு காரணம்தான் இருந்தது, அதைச் சொல்ல முடியாது. "வச்சிருதேன்" என்று வைத்துவிட்டார். அதற்கப்புறம் போன் வரவில்லை. கார்டு போய்ச் சேரட்டும் என்று இருக்கிறாரோ. சேர்ந்துவிட்டால் பிறகு எதற்கு என்று இருக்கிறாரோ. அவர் குழுவில் இருந்ததற்கே இவனுடைய ஓட்டைதான் காரணம், ஓட்டையை அடைத்தாயிற்று, இனி அவரும் போகலாம். தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் ஒரு கார்டை ஒரு கிழவனின் வீட்டில் இல்லாமல் செய்தாயிற்று. பேசாமல் படுத்திருந்தால், பதில் கொடுக்காமல் இருந்தால், கூரியர்காரன் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவான். திரும்பி வந்த கவரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நிற்பதை நினைத்தான். கடிதங்களை உரியவரிடம் சேர்ப்பதிலேயே வாழ்க்கையைக் கழித்த ஆள்.

"அண்ணா! யோவ் அண்ணா, கொரியரு!" எழிலரசியின் குரல் படிக்கட்டில் ஏறி வந்தது. "செத்துட்டியா இன்னா, எவ்ளோ நேரமா கூவுறான்!" சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினான். கூரியர்காரன் செல்போன் திரையில் விரலால் கையெழுத்துப் போடச் சொன்னான், கோழி கிளறியதுபோல் ஒரு கோடு விழுந்தது, போதும் என்றான். "இன்னாது, கார்டா?" என்றாள் எழிலரசி, குழந்தை இடுப்பில். ஆமாம். "அப்ப முடிஞ்சிச்சா உன்னுது?" கவரை எடுத்துக்கொண்டு மேலே வந்தான். கவர் அவ்வளவு நேர்த்தியாக இருந்தது. இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து, நூல் சுற்றி, முகவரியை ரயில் டிக்கெட் மாதிரி தெளிவாக எழுதி. நூலை அறுக்க மனமில்லாமல் முடிச்சை நகத்தால் அவிழ்த்தான். உள்ளே கேப்டன் மட்டையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். பதினாலு.

திருப்பிப் பார்த்தான். பதினாலுதான். கவருக்குள் ஊதிப் பார்த்தான், வேறொன்றும் இல்லை. முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அது நின்றுபோயிற்று. முப்பது வருஷத்தில் ஒரு காயிதம் தப்புப் பெட்டியில் போட்டதில்லை என்று சொல்கிறவர். அப்படியானால் போய்விட்டதா, பலாவும் மகனும் எண்களும் ஒன்றாகக் குழம்பும் இடத்துக்கு அவர் போய்விட்டாரா, யாரும் இல்லாத வீட்டில், அடுப்பை அணைத்தாரா இல்லையா என்று கேட்க ஆளில்லாத வீட்டில். டேவிட் என்று கூப்பிட்டது அதனால்தானா. இல்லை, நில். முடிச்சைப் பார். முகவரியில் பின்கோடு வரை சரி. இவ்வளவும் சரியாகச் செய்த கை கார்டில் மட்டும் தப்புமா. அப்போதுதான் ஞாபகம் வந்தது, பாயில் உட்கார்ந்துவிட்டான். பங்குனி மாசம், அவர் பலாவுக்கு உரம் வைத்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, "நம்ம நாப்பத்தொண்ணாவது ஆளுக்குக்கூட தோட்ட வேலைதான் சார் பிடிக்குமாம்" என்று சொன்னான். சும்மா பேச்சுவாக்கில், சிரித்துக்கொண்டு. குழுவில் அந்தக் கார்டின் முன்பக்கப் படத்தைத்தான் போட்டிருக்கிறார்கள். பின்பக்கம் கையில் வைத்திருப்பவனுக்குத்தான் தெரியும். அவர் அன்று கொஞ்ச நேரம் பேசவில்லை. லைன் கட்டாகிவிட்டது என்று இவன் ஹலோ ஹலோ என்றான். "ஆமாவே, தோட்டவேல" என்றார், பிறகு மழையைப் பற்றிப் பேசினார். அதற்கப்புறமும்தான் மதுரைக்காரனோடு சண்டை போட்டார். அதற்கப்புறமும்தான் ஏலத்துக்குப் போனார். போனாரா, போனதாகச் சொன்னாரா. தெரிந்தே அனுப்பினாரா, தெரியாமல் குழம்பினாரா. இரண்டில் எது என்று கேட்க வேண்டுமானால் தன்னுடையதை முதலில் சொல்ல வேண்டும்.

போன் அடித்தது. பகலில் அவர் கூப்பிட்டதே இல்லை. பின்னால் காக்கைச் சத்தம், எங்கோ ஒரு மீன்காரம்மா கூவுவது. பகல் வெளிச்சத்தில் அவர் குரல் கொஞ்சம் சின்னதாக இருந்தது. "வந்துட்டா?" வந்துச்சு சார். "செரியா இருக்கா?" கார்டைப் பார்த்தான். சரியாக இருக்கிறது என்று சொன்னால் எல்லாம் முடிந்தது. தப்பு என்று சொன்னால் இன்னும் ஒரு வருஷம் ஓடும். தினமும் அதே மாவு, அதே பொய், அவர் இன்னும் கொஞ்சம் தேய்ந்து போவார், தான் இங்கே கிடந்து அதைப் போனில் கேட்டுக்கொண்டிருப்பான். "மாறி வந்திருக்கு சார். பதினாலு." காக்கை கத்தியது. "அப்படியா," என்றார். இன்னொரு தடவை, "அப்படியா. வயசாயிட்டுல்லா" என்றார். அந்தக் குரலிலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை, காதைப் போனோடு அழுத்திப் பார்த்தான். "செரி, அதத் திருப்பி அனுப்பும். நாம தேடுவோம்." தணிகாசலம் டின்னின் மூடிமேல் கையை வைத்தான். வெயிலில் அது சுட்டது. "கூரியர் வேணாம் சார். இந்த வாரம் எனக்கு லீவு இருக்கு. நானே கொண்டாறேன்." அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று நகர்ந்தது. "இங்கயா?" அங்கதான் சார். "ஒரு கார்டுக்காக அவ்வளவு தூரமாவே?" ஒரு கார்டு இல்ல சார், என்றான். "என் டின்னையும் எடுத்தாறேன். முழுசா இருக்குது." சொல்லியாயிற்று. கீழே குழந்தை எதற்கோ சிரித்தது. "முழுசாவா?" என்றார் ஞானசிகாமணி சார். முழுசா சார். தீபாவளிக்கு முன்னாடியே. மீன்காரம்மாவின் குரல் தெருமுனையில் திரும்பி வந்துவிட்டு, மறுபடி விலகிப்போகும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை. லைன் கட்டாகிவிட்டதா என்று ஹலோ சொல்லத் தோன்றியது, இந்தத் தடவை சொல்லவில்லை, காத்திருந்தான்.

"மீனு திம்பீரா?" என்றார் அவர்.